கிளாரினெட் மட்டும்

டைரக்டர் படம் பார்க்க உட்கார்ந்தால் ப்ரிவ்யூ தியேட்டரில் கொசுகூட அனுமதி கேட்டுக்கொண்டுதான் கடிக்கும் என்று சினிமாக்காரர்கள் சொல்வார்கள். சும்மா கிண்டலுக்குச் சொல்வதில்லை. கதாநாயகனின் சிரிப்பு பொய்யாக இருக்கிறது என்று, முடிந்து வெளிவரத் தயாராக இருந்த முழுப் படத்தையே கிடப்பில் போட்டவர் அவர். தயாரிப்பாளர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறார். "பொய்யை எப்படிய்யா வெளியில விடறது?" என்று கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாராம்.

அன்றைக்குக் காலையில் அவர் பார்க்க வந்திருந்தது அவரைப் பற்றிய ஆவணப்படம். எடுத்தவள் பல் டாக்டரின் மகள். கடைசி வரிசையில் ஓர நாற்காலியில், கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படம் பிடித்தால் அவர் கையெழுத்துப் போடுவார், படம் வெளியே வரும். பிடிக்காவிட்டால் அவளுடைய இரண்டு வருட உழைப்பு பெட்டிக்குள் போய்விடும். ஒப்பந்தம் அப்படித்தான். எழுதியவர் வக்கீல், அவரும் முன்வரிசையில் இருந்தார்.

ஆனால் அவளுடைய பயம் கையெழுத்தைப் பற்றியது மட்டும் இல்லை. அந்தப் பயத்தைச் சொல்ல வேண்டுமென்றால் திங்கட்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊரெல்லாம் பார்த்து நடுங்கும் இந்த மனிதர், எந்தப் படப்பிடிப்பாக இருந்தாலும் திங்கட்கிழமை மாலையானால் பூட்டுப் போட்டுவிட்டு, ஒரு ரெஸ்டாரண்டின் கீழ்த்தளத்துக்குப் போய்விடுவார். அங்கே நண்பர்களோடு உட்கார்ந்து கிளாரினெட் வாசிப்பார். பழைய பாணி ஜாஸ். எதையும் தாளில் எழுதி வைத்துக்கொள்வதில்லை. ட்ரம்பெட் மெட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கும். கிளாரினெட் அதற்கு மேலேயும் பக்கத்திலேயும் ஓடி விளையாடும். ட்ராம்போன் அடியில் நின்று தாங்கும். டிரம்ஸ் எல்லோரையும் ஒழுங்காக நடக்க வைக்கும். வாய் எங்கே இருந்தாலும் காது பக்கத்து ஆள்மேல் இருந்தாக வேண்டும், அதுதான் அந்த இசையின் ஒரே சட்டம்.

ட்ராம்போன் வாசிப்பவர் அதே வக்கீல். டிரம்ஸ் ஒரு பேக்கரிக்காரர். ட்ரம்பெட் பல் டாக்டர், அதாவது அவளுடைய அப்பா. டைரக்டரோடு அவருக்கு ஏற்பட்ட சிநேகம் ஒரு கடைவாய்ப் பல்லில் ஆரம்பித்தது. பல்லைப் பிடுங்க வந்த இடத்தில், மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் ட்ரம்பெட் பெட்டியைப் பார்த்துவிட்டார் டைரக்டர். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, "எனக்கும் கிளாரினெட் வரும்" என்று குழறினாராம். அப்போது அவள் பள்ளிக்கூடம்கூடப் போக ஆரம்பிக்கவில்லை. அன்றிலிருந்து திங்கட்கிழமைகளில் அப்பா வீட்டில் சாப்பிட்டதில்லை.

அவளுக்கு விஷயம் தெரிந்தது படத்தின் ஒலிக்கலவை செய்யும்போதுதான். கச்சேரியைப் பதிவு செய்தபோது ஆளுக்கொரு மைக் வைத்திருந்தாள். ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு தனி ட்ராக். எதைத் தனியாகக் கேட்க வேண்டுமோ அதன் சோலோ பட்டனை அமுக்கினால் மற்ற எல்லாம் ஊமையாகிவிடும். கிளாரினெட்டின் பட்டனை அமுக்கினாள். கேட்டுவிட்டு, ஏதோ கோளாறு என்று எல்லாவற்றையும் அணைத்து மறுபடியும் போட்டாள். கோளாறு எதுவும் இல்லை. டைரக்டர் தாளத்தை விட்டு விலகியிருந்தார். ஏதோ ஒரு இடத்தில் இல்லை, பாட்டு முழுக்க அப்படித்தான். எல்லோரோடும் சேர்த்துக் கேட்டால் அருமையாக இருந்தது. தனியாகக் கேட்டால், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளியலறையில் பாடுகிற ஆளைப்போல இருந்தார்.

நேரே கிளினிக்குக்குப் போய்க் கேட்டாள். அப்பா ஒரு பெண்மணியின் வாயில் விளக்கைப் பிடித்திருந்தார். "கொஞ்சம்கூட வலிக்காதும்மா" என்று அந்தப் பெண்மணியிடம் சொல்லிவிட்டு, மகளை மருந்து அலமாரிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"தெரியும். எங்க எல்லாருக்கும் தெரியும்."

"அவருக்கு?"

"தெரியாது. தெரியவும் கூடாது. தெரிஞ்சா அன்னிக்கே அந்தக் கிளாரினெட்டைத் தூக்கிப் பரண்ல போட்டுருவாரு. ஒரு பொய்ச் சிரிப்புக்காக முழுப் படத்தைக் கிடப்புல போட்ட ஆளு அவரு. தன்னோட பொய்யை மட்டும் விட்டுவைப்பாரா?"

"அப்பா, இத்தனை வருஷமாவா?"

"சத்தியம் பண்ணு. கிளாரினெட் தனியா படத்துல எங்கயும் வரக்கூடாது."

அவள் சத்தியம் செய்தாள். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அதுவரை அவள் பார்த்ததில்லை. திங்கட்கிழமை போய்விட்டால் அவரிடம் பற்களைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. அம்மா போன பிறகு அவரை எழுப்பி நிறுத்தியது அந்தக் கீழ்த்தளம்தான்.

ஆக, அன்றைக்குக் காலையில் அவள் காப்பாற்ற வேண்டியிருந்தது ஒன்றுதான். டைரக்டருக்குத் தெரியக்கூடாது.

படம் ஓட ஆரம்பித்தது. ஆரம்பம் நன்றாகவே போனது. திரையில் டைரக்டர் கிளாரினெட்டின் சீவாளியை எச்சில் தொட்டு ஈரப்படுத்தியபடி, "என் செட்டுல நான் சத்தம் போடுவேன். இங்க இது என்மேல சத்தம் போடும்" என்றார். கீழே இருந்த டைரக்டர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பேக்கரிக்காரர் கொண்டுவந்திருந்த பிஸ்கட் டப்பா வரிசையில் கைமாறிப் போனது. முன்வரிசையிலிருந்து அப்பா திரும்பி மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவளுக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

கடைசிப் பகுதி வந்தது. நிரம்பி வழிந்த அந்தக் கீழ்த்தளத்தில் ஒரு முழுப் பாட்டு, வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். டைரக்டருக்கு நீளமான ஷாட் பிடிக்கும் என்று ஆசையாக வைத்திருந்தாள். திரையில் பேக்கரிக்காரர் குச்சிகளை உயர்த்தினார். குச்சிகள் இறங்கின.

சத்தம் வரவில்லை.

அப்பாவின் கன்னங்கள் உப்பின. சத்தம் வரவில்லை. வக்கீலின் கை ட்ராம்போனை முன்னும் பின்னும் இழுத்தது. அதற்கும் சத்தம் இல்லை. பிறகு அந்த அமைதிக்குள் கிளாரினெட் மட்டும் நுழைந்தது.

என்ன செய்திருக்கிறோம் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. டைரக்டரின் மைக்கில் ஒரு நாற்காலி கிறீச்சிட்ட சத்தம் விழுந்திருந்ததை முந்தின நாள்தான் கவனித்தாள். அதைத் துடைப்பதற்காக, தனிக் கோப்பில் கலந்துவந்த அந்தக் கடைசிப் பாட்டில் கிளாரினெட்டின் சோலோவை அமுக்கியிருந்தாள். துடைத்து முடித்த நேரத்தில் டைரக்டரின் அலுவலகத்திலிருந்து போன்: சார் நாளைக்கே படம் பார்க்கணும்கிறார். கை கால் ஓடாமல் அப்படியே காப்பி போட்டுவிட்டாள். மிக்ஸரில் அந்தப் பட்டனின் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்திருக்கும். நூறு தடவை பார்த்த படம்தானே என்று காப்பியை ஓட்டிப் பார்க்கவும் இல்லை. இந்தத் தொழிலில் கால் வைத்த முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிற பாடம், அதையே கோட்டை விட்டிருந்தாள்.

எழுந்து ஆபரேட்டர் அறையை நோக்கி ஓரடி வைத்தாள்.

"உட்காரு பாப்பா" என்றார் டைரக்டர். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓடட்டும்."

உட்கார்ந்தாள். வேறு வழியில்லை.

கிளாரினெட் முதலில் இனிமையாகத்தான் போனது. பிறகு அவசரப்பட்டது. மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் அடுத்த வரிக்குத் தாவியது. ஒரு உயர்ந்த சுரத்தைத் தேடிப் போய், அதற்குக் கீழேயே நின்று, அதுதான் அந்தச் சுரம் என்று நம்பிச் சந்தோஷப்பட்டது. மற்றவர்களுக்கு விட வேண்டிய இடைவெளியை விடாமல் வாயைத் திறந்தது. எல்லாவற்றையும்விடக் கொடுமை அந்தச் சந்தோஷம்தான். துளிக்கூட வெட்கம் இல்லாத, குழந்தைத்தனமான சந்தோஷம். அதைக் கேட்கக் கேட்க அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முன்வரிசையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. பேக்கரிக்காரர் ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டு, மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் வைத்திருந்தார். அப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். டைரக்டரின் பின்னந்தலை மட்டும் அசையாமல் இருந்தது. பாட்டு முடிந்தது. திரையில் ஜனங்கள் எழுந்து நின்று சத்தமே இல்லாமல் கை தட்டினார்கள். விளக்கு வந்தது.

"டெக்னிக்கலா ஏதோ ஆயிருச்சு போல" என்று வக்கீல் பூசி மெழுகப் பார்த்தார். "மத்தபடி படம் பிரமாதம். என்ன சொல்றீங்க?"

"சோலோவை எடுக்க மறந்துட்டே" என்றார் டைரக்டர்.

"ஆமா அங்கிள்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "என் தப்பு. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிக் கொண்டு..."

"ட்ராக் எல்லாம் தனித்தனியா வச்சிருக்கியா?"

"லேப்டாப்ல இருக்கு."

"கொண்டா. டாக்டரோட ட்ரம்பெட்டை மட்டும் போடு."

"அதெல்லாம் எதுக்கு சார்?" அப்பா எழுந்துவிட்டார். "காபி வேற ஆறுது. வாங்க, வெளிய போய்ப் பேசலாம்."

டைரக்டர் அவரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நின்று அப்பா, வேண்டாம் என்று தலையை அசைத்தார். மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி. அவள் லேப்டாப்பைத் திறந்து, தியேட்டர் ஸ்பீக்கரின் ஒயரைச் செருகி, சுட்டு விரலை வைத்துக்கொண்டு நின்றாள். சத்தியம் பண்ணிக்கொடுத்தது கிளாரினெட்டைப் பற்றித்தான், ட்ரம்பெட்டைப் பற்றி இல்லையே என்று ஒரு வக்கீல் புத்தி உள்ளே ஓடியது. அது சமாளிப்பு என்று அவளுக்கே தெரியும். நிஜம் என்னவென்றால், அதற்குமேல் இந்த மனிதரிடம் பொய் சொல்ல அவளால் முடியவில்லை. அமுக்கினாள்.

அப்பாவின் ட்ராக்கை அவளே முழுதாகத் தனியாகக் கேட்டதில்லை. அதில் சரி செய்ய எதுவும் இருந்ததில்லை, கேட்கவில்லை. இப்போது கேட்டாள்.

மெட்டு நேராகப் போகவேயில்லை. ஒரு சுரத்தில் நின்று காத்திருந்தது. திடீரென்று பாதி வரியை விழுங்கிவிட்டு முன்னால் தாவியது. திரும்பி வந்து அதே இடத்தை இன்னொரு முறை வாசித்தது. புதிதாக நடக்கும் குழந்தைக்குப் பின்னாலேயே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு குனிந்தபடி போகிறவரின் நடை அது. குழந்தை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கம் கை இருந்தது. அதற்கு எவ்வளவு பெரிய காது வேண்டும், எவ்வளவு வேகம் வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. டைரக்டருக்கும் புரிந்திருக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு முடிந்த பிறகு கண்ணைத் திறந்தார்.

"எத்தனை வருஷமா டாக்டர்?"

"சார்..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"முதல் வாரத்துலருந்தே" என்றார் அப்பா. "அன்னிக்கே சொல்லியிருக்கணும். அன்னிக்கு நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு விட்டேன். அப்புறம் அது பழகிருச்சு."

"எல்லாரும் கூட்டா?"

பேக்கரிக்காரர் ஒருவழியாகப் பிஸ்கட்டை விழுங்கினார். "நீங்க இருக்கீங்கன்னுதான் சார் ஜனங்க வர்றாங்க" என்றார். உண்மையைச் சொல்லி நிலைமையை இன்னும் மோசமாக்குகிற நல்ல மனிதர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

டைரக்டர் எழுந்தார். அவர் கத்தப் போகிறார் என்று அவள் தயாரானாள். கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"செட்டுக்குப் போனா காலையிலருந்து ராத்திரி வரைக்கும் 'சரி சார், சரி சார்'. வெயில் அடிக்கும்போது மழை பெய்யுதுன்னு சொன்னாக்கூட 'சரி சார்'தான். அந்தச் 'சரி சார்' காதுல விழாத ஒரு இடம் இருக்குன்னுதான் அங்க வந்தேன். அங்க நான் முதலாளி இல்லை, நாலு பேர்ல ஒருத்தன்னு நினைச்சேன். கடைசியில நீங்களும் அதையேதான் சொல்லியிருக்கீங்க. வாயால சொல்லாம ட்ரம்பெட்டால சொல்லியிருக்கீங்க."

பல் டாக்டரையே பல் பிடுங்கிய மாதிரி நிற்க வைத்துவிட்டார்.

"பேப்பரைக் கொடுங்க வக்கீல்."

வக்கீல் ஒப்பந்தத்தை நீட்டினார். கிழிக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டைரக்டர் அதை முழங்காலில் வைத்து, ஓரத்தில் ஒரு வரி எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தார். கடைசிப் பாட்டு இன்று ஓடியபடியே இருக்க வேண்டும், மாற்றினால் அனுமதி ரத்து என்று எழுதியிருந்தது.

"அங்கிள், ஜனங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அதுவாவது நிஜமா இருக்கும்."

இரண்டு வருடமாக அவள் கனவு கண்ட கையெழுத்து. கையில் வாங்கியபோது அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. டைரக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். அவர் போன வேகத்தைப் பார்த்தால் இனிமேல் திங்கட்கிழமை என்று ஒன்று கிடையாது என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அப்பா ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுபதை நெருங்கும் அப்பா அன்றைக்குத்தான் அவள் கண்ணுக்குக் கிழவராகத் தெரிந்தார்.

வாசலில் டைரக்டர் நின்றார். கதவில் கையை வைத்தபடி யோசித்தார். பிறகு பையைத் தரையில் வைத்துத் திறந்தார். கிளாரினெட் பெட்டி இல்லாமல் அவர் எங்கேயும் போவதில்லை.

"ட்ரம்பெட் எங்க?"

"கார்ல" என்றார் அப்பா.

"எடுத்துட்டு வாங்க. ஒரு தடவை வாசிங்க. எனக்காக நிக்காம, தாவாம வாசிங்க. நான் எங்க விழறேன்னு பார்க்கணும்."

அப்பா போய் எடுத்துக்கொண்டு வந்தார். வெள்ளைத் திரைக்கு முன்னால் இருவரும் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பேக்கரிக்காரருக்குக் குச்சி இல்லை. பிஸ்கட் டப்பாவின் மூடியில் விரலால் தாளம் போட்டார். ஆரம்பித்தார்கள். இரண்டாவது வரியிலேயே டைரக்டர் முந்திக்கொண்டார். அப்பா அவர் விரல்களைப் பார்த்தார், உடனே தானும் தாவிவிட்டார்.

"என் பின்னாலேயே வந்துட்டீங்க" என்றார் டைரக்டர்.

"தன்னால வருது சார்."

மறுபடியும் ஆரம்பித்தார்கள். மறுபடியும் அப்பாவின் கண் அந்த விரல்களுக்குப் போனது, ட்ரம்பெட் பின்னாலேயே போனது. டைரக்டர் கிளாரினெட்டை மடியில் வைத்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

அப்பா எழுந்தார். நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டார். டைரக்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திரையைப் பார்த்து உட்கார்ந்தார். ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தார்.

இந்த முறை அவர் பின்னால் போகவில்லை. கிளாரினெட் முந்தியது, ட்ரம்பெட் தன் வழியில் போனது. கிளாரினெட் தடுமாறி, ஓடி வந்து பிடிக்கப் பார்த்து, தவறான இடத்தில் காலை வைத்து, பாதியில் நின்றேவிட்டது. அப்பாவின் தோள்கள் ஒரு கணம் இறுகின. திரும்பிவிடுவார் என்று அவள் பயந்தாள். திரும்பவில்லை. மெட்டைத் தனியாகக் கடைசிவரை கொண்டு போனார். எங்கேயும் வளையாமல், எங்கேயும் காத்திருக்காமல், கம்பீரமாக. இத்தனை வருடமாக அந்தக் கீழ்த்தளத்தில் அவள் கேட்டுக்கொண்டிருக்கிற ட்ரம்பெட் இது இல்லை. தன் அப்பா இவ்வளவு பெரிய வித்துவான் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இது தெரியாமல் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொருவரைப் பற்றிப் படம் எடுத்திருக்கிறாள்.

டைரக்டர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. இருபதாவது டேக்கில் நிற்கிற புது நடிகனின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு அது அவர் முகத்தில் இருந்தது.

"தப்பு" என்றார் அப்பா. திரும்பாமல்தான் சொன்னார். சார் என்ற வார்த்தை அதோடு சேர்ந்து வரவில்லை. "ரெண்டாவது வரியில அவசரம். மூணாவதுல நான் என்ன சொல்றேன்னு கேட்கவே இல்லை. திரும்ப முதல்லருந்து."

அந்த மனிதரிடம் அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை.

டைரக்டர் கிளாரினெட்டை எடுத்தார்.

"வலிக்குதா?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"வலிக்குது."

"வலிக்கும்" என்றார் அப்பா. பேக்கரிக்காரர் பக்கம் கையை அசைத்தார். டப்பா மூடியில் தாளம் மறுபடியும் ஆரம்பித்தது.